கூட்டாளியோட ஜாக்கியை வெட்டினவ

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. நடந்த இடம் எங்க கம்பெனி பஸ். பெங்களூர் ஈஜிபுரா சிக்னல்ல காலையில ஆறே முக்காலுக்கு ஏறினா, எட்டு மணிக்குப் பொம்மசந்திரா ஃபேக்டரி கேட்டுல இறங்குவோம். சாயங்காலம் அதே பஸ், அதே ரோடு, நேரம் மட்டும் டபுள். சில்க் போர்டுல பஸ் நின்னுச்சுன்னா எப்ப நகரும்னு டிரைவருக்கே தெரியாது. அந்த நேரத்துல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க என்னால ஆகாது. நான் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எதிர்ல இருக்கிறவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடுவேன். லிஃப்ட் பட்டனை நாலு தரம் அமுக்குற ஆளு.

எங்களோடது மருந்து பேக்கிங் பண்ற கம்பெனி. நான் குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன். அட்டைப் பெட்டியில தேதி சரியா அடிச்சிருக்கா, ஓரம் சரியா ஒட்டியிருக்கான்னு பாக்கணும். சுருக்கமா சொன்னா, அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த வேலையில நான் கெட்டிக்காரி. அதுல ஒண்ணும் சந்தேகம் கிடையாது.

பஸ்ஸுல பொழுது போகணுமே, அதனால எல்லார் போன்லயும் இருபத்தெட்டு இருக்கும். ஆன்லைன்ல நாலு பேர் ஆடுற சீட்டாட்டம் அது. எதிரெதிரே இருக்கிற ரெண்டு ரெண்டு பேர் கூட்டு. காசு பணம்னு எதுவும் கிடையாது. இதுல ராஜா ராணிக்கு மரியாதையே இல்ல. ஜாக்கிதான் பெருசு, அதுக்கு அடுத்தது ஒன்பது, அப்புறம் ஆசு, பத்து. மொத்தம் இருபத்தெட்டு பாயிண்ட். யார் எத்தனை பாயிண்ட் எடுக்கிறேன்னு அதிகமா கேக்கிறாங்களோ, அவங்க ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளாவர்ங்கிற நாலு ஜாதியில ஒண்ணைத் துருப்பா வெச்சு, அதைக் கவுத்து மூடிடுவாங்க. துருப்பு மத்த எந்த ஜாதியையும் வெட்டும். எது துருப்புன்னு அவங்க கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. நடுவுல யார்கிட்டயாவது கேட்ட ஜாதி இல்லேன்னா, 'துருப்பைத் திற'ன்னு சொல்லலாம். ஆனா திறக்கச் சொன்னவங்க கையில துருப்பு இருந்தா, அந்த ரவுண்டுலயே அதைப் போட்டு ஆகணும். இந்த ஒரு ரூலை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

எங்க கம்பெனிக்கு ஆறு பஸ் ஓடுது. வருஷா வருஷம் ஒவ்வொரு பஸ்ஸுலேர்ந்தும் ஒரு ஜோடி ஆடும். ஜெயிக்கிற பஸ்தான் ஆயுத பூஜை அன்னிக்கு வாழைக்கன்னு கட்டிக்கிட்டு முதல்ல கேட்டுக்குள்ள நுழையும். முதல் பூசணிக்காயும் அதுக்குத்தான் உடைப்பாங்க. ஒரு பூசணிக்காய்க்கா இவ்வளவு அடிதடின்னு கேக்காதீங்க. வந்து ஒரு தரம் பாத்தாத்தான் தெரியும்.

எங்க பஸ்ஸுக்கு நானும் என் தோழியும் ஜோடி. என்னைவிட அஞ்சு வயசு சின்னவ. எங்க வீட்டுலேர்ந்து நாலு வீடு தள்ளி குடியிருந்தா. முன்னாடி ஒரு கார்மெண்ட்ஸ்ல சட்டைக்கு நூல் வெட்டிட்டு இருந்தா. எங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்கன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். மூணு வருஷமா ஒரே சீட்டு, ஒரே டிஃபன் பாக்ஸ். என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லாததைக்கூட அவகிட்டதான் சொல்லுவேன். நான் பட படன்னு பேசுவேன், அவ ரெண்டு வார்த்தை பேசுவா. எப்படித்தான் எங்களுக்கு ஒத்துப்போச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க.

போட்டியில மட்டும் பக்கத்துல பக்கத்துல உக்காரக் கூடாது. கார்டைக் காட்டிடுவாங்கன்னு ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் கடைசி சீட்டு. அதைக் கவனிக்க எதிர் பஸ்ஸுலேர்ந்து ஒருத்தர் எங்க பஸ்ஸுல ஏறுவாரு. அவ்வளவு கறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஃபைனல். எதிர்ல அத்திப்பள்ளி பஸ்காரங்க, மெயின்டனன்ஸ்ல இருக்கிற ரெண்டு பேர். நான் டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, அவ கடைசியில. சரிசமமா போய், கடைசி ஆட்டத்துல வந்து நின்னுச்சு. அவ பத்தொன்பது கேட்டு துருப்பை மூடினா.

தோத்துட்டோம். பதினெட்டுதான் வந்துச்சு. ஒரே ஒரு பாயிண்ட்! கடைசிக்கு முந்தின ரவுண்டுல அவ ஸ்பேடு ஒன்பதை இறக்கினா, எதிராளி துருப்புல பத்தைப் போட்டு அதை வெட்டிட்டு அள்ளிட்டுப் போயிட்டான். என் கண்ணுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். கையில இருந்த ஒன்பதை எடுத்து அவன் வாயில போட்டுட்டாளேன்னு எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு.

எந்திரிச்சு நின்னேன். முன் சீட்டுலேர்ந்து கடைசி சீட்டு வரைக்கும் கேக்கிற மாதிரி கத்தினேன். "ஏண்டி, ஒன்பதை இப்ப யாருடி இறக்கச் சொன்னது? புத்தி இருக்கா உனக்கு? உன்னைப் போய் கூட்டு சேத்துக்கிட்டேனே, என்னைச் சொல்லணும்!"

அதோட நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிக்கல. "நான் வேலை வாங்கிக் குடுக்கலேன்னா இன்னும் அங்கேயே நூல் வெட்டிட்டு இருந்திருப்பே. நூல் வெட்டத்தான் நீ லாயக்கு!"

பஸ்ஸுல நாப்பது பேர். அவ என்னையே ஒரு நிமிஷம் பாத்தா. போனை எடுத்துப் பைக்குள்ள வெச்சா. மடிவாளா வந்ததும், எங்க ஸ்டாப்புக்கு ரொம்ப முன்னாடியே, பின் கதவு வழியா இறங்கி நடந்து போயிட்டா.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அடங்கல. தப்பு பண்ணவளுக்கு ரோஷத்தைப் பாருன்னு பாத்திரத்தை எல்லாம் டமால் டமால்னு வெச்சேன்.

மறுநாள் பஸ்ஸுல எங்க சீட்டுல நான் மட்டும் உக்காந்திருந்தேன். அவ பின்னாடி வேற யார் கூடவோ. கம்பெனிக்குப் போனா நோட்டீஸ் போர்டுல அடுத்த வார ஷிஃப்ட் லிஸ்ட். அவ பேர் பி ஷிஃப்ட்டுல இருந்துச்சு. மதியம் ரெண்டுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும். ஆளாளுக்கு அதுலேர்ந்து தப்பிக்கத்தான் பாப்பாங்க. ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அவ தானா கேட்டு வாங்கியிருக்கான்னு சூப்பர்வைசர் சொன்னாரு. திங்கக்கிழமையிலேர்ந்து வேற பஸ். நான் அவ முகத்தைப் பாக்குறதே அபூர்வம்.

அப்பத்தான் விஷயம் பெருசாயிடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது. ஆனா என் புத்தி எங்க போச்சு தெரியுமா? அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு போகல. தப்பு அவளோடதுதான்னு நிரூபிக்கணும்னு போச்சு. அந்த கேம்ல ஆடி முடிச்ச ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பாக்கலாம். நாலு பேர் கார்டும் திறந்தபடி தெரியும். அதை ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பிட்டா, வாயடைச்சுப் போவா, அப்புறம் தானா வந்து பேசுவான்னு கணக்கு போட்டேன். புதன்கிழமை சாயங்காலம் வந்ததும் வராததுமா, காபிகூடப் போடாம போனை எடுத்து உக்காந்துட்டேன்.

கடைசிக்கு முந்தின ரவுண்டைப் பாத்தேன். ஸ்பேடு ஜாக்கி ஏற்கெனவே போயிடுச்சு. அப்ப அவ கையில இருந்த ஒன்பதுதான் ஸ்பேடுல பெருசு. அதைத்தான் இறக்கியாகணும். நானா இருந்தாலும் அதைத்தான் இறக்கியிருப்பேன். எதிராளி துருப்பான கிளாவர் பத்தால வெட்டினான். அடுத்து என் முறை. என்கிட்ட ஸ்பேடு இல்ல. துருப்புல ஒன்பது இருந்திருந்தா பத்துக்கு மேல வெட்டி, மூணு பாயிண்டை எடுத்திருக்கலாம். கேட்ட பத்தொன்பதைத் தாண்டியிருக்கும். ஆனா என் கையில ஒண்ணுக்கும் உதவாத டைமண்ட் ஏழும், அதே மாதிரி இன்னொண்ணும்தான் இருந்துச்சு.

துருப்பு ஒன்பது யார்கிட்டதான் இருந்துச்சுன்னு பின்னாடி போனேன். என்கிட்டதான் இருந்துச்சு!

மூணாவது ரவுண்டு. எதிராளி ஹார்ட் எட்டு போட்டான். அவ ஹார்ட் ஜாக்கியைப் போட்டா. அதுக்கு மேல ஹார்ட்ல கார்டே கிடையாது. அடுத்தவன் ஹார்ட் ஏழு. கடைசியா நான். என்கிட்ட ஹார்ட் இல்ல. ரவுண்டு எங்களோடதுதான். டைமண்ட் ஏழைத் தள்ளிட்டு கம்முனு இருந்திருக்கணும். நான் என்ன பண்ணியிருக்கேன்? துருப்பைத் திறந்திருக்கேன். திறந்ததால, கையில இருந்த ஒரே துருப்பு, அந்த ஒன்பது, என் கூட்டாளியோட ஜாக்கி மேலயே போய் விழுந்திருக்கு. ஜெயிச்ச ரவுண்டை மறுபடியும் வெட்டியிருக்கேன்.

அது எப்படி? மூணு வருஷமா ஆடுறேன், எனக்கு இது தெரியாதா? போன்ல ஏதோ கோளாறுன்னேன். பஸ் பள்ளத்துல இறங்கி விரல் பட்டிருக்கும்னேன். என் வீட்டுக்காரர் துணி மடிச்சிட்டே, "ஆமா, பள்ளம் வந்து உன் விரலைப் புடிச்சு அமுக்குச்சு"ன்னாரு. அவரையும் ஒரு வாங்கு வாங்கினேன். மறுபடியும் முதல்லேர்ந்து பாத்தேன். எத்தனை தரம் பாத்தேன்னு எனக்கே தெரியாது.

அப்புறம்தான் பிடிபட்டுச்சு. அந்த கேம்ல நம்ம முறை வர்றதுக்கு முன்னாடியே தட்டி வெச்சுக்கலாம். நம்ம முறை வந்ததும் அதுவா போட்டுக்கும். எனக்குத்தான் காத்திருக்க ஆகாதே, எப்பவும் அப்படித்தான் தட்டி வெப்பேன். எதிராளி ஹார்ட் போட்டதுமே, என்கிட்ட ஹார்ட் இல்லேன்னு 'துருப்பைத் திற'ன்னு தட்டிட்டேன். அவ என்ன போடப் போறான்னு பாக்கவே இல்ல. பாக்காம என்ன பண்ணேன்? பஸ் முன்னாடி குறுக்க வந்த ஸ்கூட்டர்காரனை ஜன்னல் வழியா திட்டிட்டு இருந்தேன். அதுவும் நல்லா ஞாபகம் வந்துச்சு.

மொட்டை மாடிக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அசிங்கமா இருந்துச்சு. ஆட்டத்துல தப்பு பண்ணது கூட இல்ல, 'நூல் வெட்டத்தான் லாயக்கு'ன்னு சொன்னேனே, அது காதுல கேட்டுட்டே இருந்துச்சு.

வியாழக்கிழமை பூரா மெசேஜ் எழுதி எழுதி அழிச்சேன். யார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாதவ நான். 'தப்பு நடந்துடுச்சு'ன்னு எழுதினா தப்பு ஏதோ தானா நடந்த மாதிரி இருக்கு. 'கோவத்துல சொல்லிட்டேன்'னு எழுதினா பழியைத் தூக்கிக் கோவத்து மேல போட்ட மாதிரி இருக்கு. அன்னிக்கு லைன்ல நான் பாஸ் பண்ண வேண்டிய பெட்டியை எல்லாம் ரிஜெக்ட்ல போட்டுட்டேன்னு சூப்பர்வைசர் வந்து கேட்டாரு.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிடிச்ச சித்ரான்னம் கட்டிக்கிட்டுப் போனேன். கேன்டீன்ல அவ முன்னாடி பாக்ஸை வெச்சேன். "வேணாங்க, நான் சாப்ட்டேன்"னா. மூணு வருஷமா "வாக்கா, போக்கா"ன்னு பேசினவ. அந்த 'ங்க' என்னைக் குத்தின மாதிரி வேற எதுவும் குத்தியிருக்காது. கை கழுவுற இடத்துக்கு அவ பின்னாடியே போனேன். ஆள் இல்லாத மூலையா பாத்து மெதுவா சொன்னேன். "ரீப்ளே பாத்தேன். தப்பு எம்மேலதான்."

அவ கையைத் துடைச்சிட்டே, "தெரியும்"னா.

"தெரியுமா? எப்போ?"

"நீங்க என் ஜாக்கியை வெட்டினீங்களே, அப்பவே. போச்சு, இனி கஷ்டம்னு அப்பவே தெரியும்."

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. சத்தியமா சொல்றேன், மன்னிப்பு கேக்கப் போன இடத்துலயும் எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. "அப்போ நான் கத்தினப்ப வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?"

"நாப்பது பேர் முன்னாடியா? அத்திப்பள்ளி பஸ் ஆளு வேற உக்காந்திருந்தாரு. உங்களை அப்படி நிக்க வெக்கணுமா நான்?" அவ என் பக்கம் திரும்பினா. "நீங்க என்னை நிக்க வெச்சீங்க. எல்லார் முன்னாடியும் கத்திட்டு, இப்ப மூலையில வந்து காதுல சொல்றீங்க."

நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவ போயிட்டா.

சனிக்கிழமைதான் அவளுக்கு அந்த பஸ்ஸுல கடைசி நாள். சாயங்காலம் ஓவர்டைம், பாதிப் பேர் வேற வண்டியில போயிடுவாங்க. அதனால காலையிலேயே ரெண்டுல ஒண்ணு பாத்துடணும். ஆறரைக்கே சிக்னல்ல போய் நின்னேன். பஸ் வந்துடுச்சு, அவளைக் காணோம். ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல. டிரைவர் ஹாரன் அடிச்சு, "ஹோகோணா மேடம்?"னு கேட்டாரு. கெளம்பலாமான்னு அவருக்கு அவசரம். வாழ்க்கையிலேயே முதல் தடவையா நான் ஒருத்தரைப் பாத்து, "இருங்க, கொஞ்சம் பொறுமையா இருங்க"ன்னு சொன்னேன். பஸ்ஸுல ரெண்டு பேர் சிரிச்சாங்க.

அவ ஓடி வந்து ஏறினா. என்னைப் பாக்காம கடைசி சீட்டுக்குப் போயிட்டா.

மடிவாளாவுல சொல்லிடலாம்னு நெனச்சேன். அங்க கூட்டம் ஏறுச்சு. சில்க் போர்டுல சொல்லலாம்னு பாத்தேன். எந்திரிச்சவ மறுபடியும் உக்காந்துட்டேன். மேம்பாலத்துல ஏறினதும் பஸ் பறக்குது. சிக்னல்ல நிக்க மாட்டாங்களான்னு அன்னிக்குத்தான் நான் வேண்டிக்கிட்டேன். எலக்ட்ரானிக் சிட்டியும் தாண்டிடுச்சு. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. பக்கத்துல இருந்த பொண்ணு, "என்னக்கா, வாந்தி வருதா?"ன்னு கவரை எடுத்து நீட்டினா.

ஹெப்பகோடி வந்துடுச்சு. இன்னும் பத்து நிமிஷம்கூட இல்ல. எந்திரிச்சு, கம்பியைப் புடிச்சிட்டுப் பின்னாடி திரும்பி நின்னேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. செவ்வாய்க்கிழமை ஆட்டம் தோத்தது இவளால இல்ல. என்னாலதான். மூணாவது ரவுண்டுல இவ ஜாக்கி போட்டதைக்கூடப் பாக்காம துருப்பைத் திறந்தேன். என் ஒன்பதை எங்க ஜாக்கி மேலயே போட்டுட்டேன். அந்த ஒன்பது இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

பஸ்ஸு பூரா ஒரே கூச்சல். "அய்யோ அக்கா! சொந்தக் கூட்டாளி ஜாக்கியையா வெட்டினீங்க?" "கையில டைமண்ட் இல்லயா, அதைத் தள்ளியிருக்கலாமே?" "இருந்துச்சுய்யா, ஏழு இருந்துச்சு. அதான் சொல்றேன்ல!" ஆளுக்கு ஒரு கார்டு சொல்றாங்க. டிரைவர்கூட கண்ணாடியில என்னைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டாரு. எனக்கு முகமெல்லாம் எரியுது. இப்படித்தானே அவளுக்கும் இருந்திருக்கும்னு தோணுச்சு. அவ மேல அப்ப தப்பே இல்ல, அது வேற.

"இருங்க, இன்னும் முடிக்கல"ன்னு கத்தினேன். "இவளுக்கு நான் வேலை வாங்கிக் குடுத்தேன்னு சொன்னேன். அது பொய். ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான். வேலைக்கு வெச்ச பரீட்சையை இவளேதான் எழுதினா. என்னைவிட மார்க்கு ஜாஸ்தி. அன்னிக்கு நான் சொன்னது எதுவுமே இவளுக்குப் பொருந்தாது. தப்பா பேசிட்டேன்."

இதுக்கு யாரும் சிரிக்கல. அவ ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருந்தா. துப்பட்டா நுனியால மூக்கைத் துடைக்கிறது மட்டும் தெரிஞ்சுது.

கேட்டுல எல்லாரும் இறங்கிட்டாங்க. நான் படிக்குக் கீழ நின்னுட்டு இருந்தேன். அவ கடைசியா இறங்கி வந்தா.

"திங்கக்கிழமை பி ஷிஃப்ட்டுதான்க்கா. அதை மாத்த மாட்டேன்"னா.

அந்த 'க்கா'வைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "இன்னும் கோவமா?"

"இருக்கு. போகும்."

"எப்ப போகும்?"

அவ என்னை முறைச்சா. அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "பாத்தியா? இதுக்கும் உனக்கு அவசரம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அப்படியே ஒன்றரை மாசம் போச்சு. அந்த ஒன்றரை மாசமும் நான் போன் பண்ணல, மெசேஜ் பண்ணல, அவ வீட்டுக் கதவைத் தட்டல. என்னைத் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் துணி காயப் போட்டுட்டு இருந்தேன், போன்ல அவகிட்டேர்ந்து ஆட்டத்துக்கு அழைப்பு வந்துச்சு. ஈரக் கையோட எடுத்தேன். அன்னிக்கு மூணு ஆட்டம் தோத்தோம், ஒண்ணு ஜெயிச்சோம். அதுக்கப்புறம் ஷிஃப்ட் மாறும்போது கேட்டுல நிக்கிற அஞ்சு நிமிஷமும், ஞாயித்துக்கிழமை ஆட்டமும்தான் எங்களுக்கு. பழைய மாதிரி ஆயிடுச்சான்னு கேட்டா, ஆகல. கொஞ்சம் பாத்துதான் பேசுறா. அதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு.

என் கோவம் குறைஞ்சுடுச்சுன்னு சொன்னா என் வீட்டுக்காரரே நம்ப மாட்டாரு. ஆனா ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. முன்னெல்லாம் நான் கத்தும்போது யாராவது பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சா, மாட்டிக்கிட்டாங்கன்னு நெனப்பேன். இப்பல்லாம், இவங்க என்னோட எந்தத் தப்பைத் தெரிஞ்சுக்கிட்டு எனக்காக வாயை மூடிட்டு நிக்கிறாங்களோன்னு பயமா இருக்கு.